தொட்டிக்குள் விழுந்த ஐந்து எழுத்துகள்

2007ஆம் ஆண்டு, ஆடி மாதம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. திருவள்ளூரிலிருந்து கம்பெனி வேன் காலை ஆறரைக்குக் கிளம்பும். பெரியபாளையம் வழியாக எட்டு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அங்கே நடந்ததை வாயால் சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

அந்த வருடம்தான் என் மேஜைக்கு இணைய இணைப்போடு கணினி வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தார். தினமும் காலை பத்து மணிக்கு ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போடுவார். குறிப்பு கிடையாது, பரிசு கிடையாது. சரியான சொல்லைத் தட்டினால் கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் நம் பெயரும் நேரமும் ஏறும். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. இன்னொன்று வேண்டுமென்றால் மறுநாள் பத்து மணி வரை காத்திருக்க வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வேதியியல் படித்து, முப்பது வருடமாகப் படிவங்களில் எண்களை நிரப்பிக்கொண்டிருந்தவன் நான். யாரும் என் பெயரை எந்தப் பட்டியலிலும் முதல் பத்துக்குள் எழுதியதில்லை. அது ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம் வேறு. ஒரு கணம் வரை வெறும் எழுத்துகளாகக் கிடப்பவை அடுத்த கணம் ஒரு சொல்லாக எழுந்து நிற்கும். நான் கண்டுபிடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்குள் வேறு யாரோ உட்கார்ந்து அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேலை முடிந்ததும் என் கையில் கொடுத்ததுபோல் இருக்கும். அந்த ஒரு நொடிக்காக இருபத்து நான்கு மணி நேரம் காத்திருக்கலாம்.

அந்த 'வேறு யாரோ' வேலை செய்யும்போது நான் என்ன செய்கிறேன் என்பது எனக்கே தெரியாது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து மேஜைக்காரரோடு கால் மணி நேரம் பேசியிருப்பேன். என்ன பேசினேன் என்று நினைவிருக்காது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, டீ இன்னும் வரவில்லையே என்று கேட்டிருக்கிறேன்.

எழுத்துகளை வாய்க்குள் முணுமுணுக்கும் பழக்கமும் எனக்கு இருந்தது. அதை எனக்குச் சொன்னவர் எங்களிடம் ஒப்பந்த வேலை செய்த ஒரு ஃபிட்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். எளாவூர் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் வீடு. பெரிய பேச்சுக்காரர். ஆந்திரா லாரி டிரைவர்களிடம் தெலுங்கிலும், வடக்கத்தி டிரைவர்களிடம் அவருக்கே புரியாத இந்தியிலும் பேசிச் சிரிக்க வைப்பார். ஒருநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இன்னா சார், கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டுக்கினு கீறீங்களா?"

"ஏம்ப்பா?"

"மூணு மந்திரம் சொல்றீங்க, அப்பால 'ச்சு'ன்றீங்க, மறுக்கா ரெண்டு மந்திரம். பல்லி கணக்கா! சாமி இன்னா வரம் குடுத்துச்சுன்னு எங்களுக்கும் சொல்லுங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றாவது எழுத்தில் நின்று நாக்கைத் தட்டுவது என் வழக்கம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இனி அந்த நாள்.

கழுவித் திறந்து வைத்த ஒரு இரும்புத் தொட்டிக்குள் இறங்கி அந்த ஃபிட்டர் ஒரு குழாயை மாற்ற வேண்டும். ஆள் இறங்கும் தொட்டிக்கு என் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை நடக்காது. சீட்டில் கையெழுத்துப் போடும் முன், மீட்டரைத் தொட்டிக்குள் இறக்கி ஆக்சிஜன் அளவைப் பார்க்க வேண்டும். நல்ல காற்றென்றால் 20.9 சதவீதம் காட்டும். எப்போது பார்த்தாலும் அதே 20.9தான். அதனால் எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எண்ணை முதலில் எழுதிவிடுவோம். பிறகு போய் அளப்போம். வருடக்கணக்கில் எழுதிய எண்ணும் அளந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தால், அளப்பது ஒரு சடங்காகிவிடும்.

பத்து மணிக்குத் திரையில் ஐந்து எழுத்துகள் வந்தன. லி, ரை, கு, வா, தி. இரண்டே நிமிட வேலை என்று நினைத்தேன். ஆனால் 'வாதி' என்ற சொல் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. அதை விலக்கிவிட்டு மற்றதைப் பார்க்க முடியவில்லை. பட்டியலில் ஒவ்வொரு பெயராக ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் ஃபிட்டரும், தொட்டி வாயிலில் காவல் நிற்க வேண்டிய இன்னொரு தொழிலாளியும் சீட்டோடு வந்தார்கள். 20.9 என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். "நீங்க போங்க, மீட்டரை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வரேன்" என்றேன். நான் வருவதற்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்தான சீட்டு கையில் இருக்கும்போது அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?

பத்து நிமிடம் கழித்துப் போனேன். மீட்டர் கையில் இருந்தது. அதன் பொத்தானை அழுத்தவில்லை. வாயில் ஐந்து எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

காவல் நின்றவர் என்னைப் பார்த்ததும், "சார், உள்ள பல்பு பூடுச்சு. நீங்க நிக்கிறீங்க இல்ல? ஸ்டோர்ல போய் வேற வாங்கிக்கினு வந்துடறேன்" என்றார்.

"சரி" என்றேன்.

அப்படிச் சொன்னதாக எல்லாம் முடிந்த பிறகு அவர் என்னிடம் சொன்னார். எனக்கு நினைவில்லை.

எனக்கு நினைவிருப்பது இதுதான். தொட்டியின் மேல்வாய் வழியாகக் குனிந்து பார்த்தேன். வெயில் ஒரு வட்டமாக உள்ளே விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்களை நீட்டி, கைகளை மடியில் வைத்து, முகத்தை மேலே தூக்கியிருந்தார். கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தார். கதை கேட்கிறவர் கதை சொல்கிறவரைப் பார்ப்பாரே, அப்படி. முகத்தில் துளி வேதனை இல்லை. எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் மனிதர் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தேன். அவரைப் பார்த்துத் தலையசைத்தேன். குனிந்தபடியே, அந்தத் தொட்டிக்குள் என் குரல் எதிரொலிக்க, எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சட்டென்று சொல் வந்துவிட்டது. குதிரைவாலி. ஒரு தானியத்தின் பெயர். சிரிப்பு வந்தது. வாயால்கூடச் சொல்லவில்லை. யாரும் முந்திவிடக் கூடாதே என்று அலுவலகத்துக்கு விரைந்தேன். தட்டினேன். ஒன்பதாவதாக என் பெயர் ஏறியது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தொட்டிப் பக்கமிருந்து கத்தல் கேட்டது.

பக்கத்துத் தொட்டிக்குப் போகும் நைட்ரஜன் குழாயில் ஒரு வால்வு சரியாக மூடாமல் இந்தத் தொட்டிக்குள் கசிந்திருக்கிறது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மூச்சு முட்டாது. ஆள் அசதியாக உணர்ந்து உட்காருவார். பிறகு எழமாட்டார். இதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்தான். காவல் நின்றவர் பழைய ஆள் என்பதால் ஃபிட்டரின் இடுப்புப் பட்டையில் கயிறு கட்டித்தான் இறக்கியிருந்தார். நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்தபோது கண்கள் அப்போதும் திறந்தே இருந்தன. உயிர் இருந்தது.

விசாரணை வந்தது. முறைப்படி அளந்துதான் எழுதினேன் என்றேன். சீட்டு என் மேஜையில் இருக்கும்போதே ஃபிட்டர் அவசரப்பட்டு இறங்கிவிட்டார் என்றேன். தொட்டியருகில் கிடந்த சீட்டு அதற்குள் என் மேஜைக்கே திரும்ப வந்திருந்தது. காவல் நின்றவர், ஃபிட்டர் இறங்கும் முன்பே தான் பல்பு வாங்கப் போய்விட்டதாகச் சொன்னார். ஆள் உள்ளே இருக்கும்போது இடத்தை விட்டுப் போனது அவர் தவறு. அதைச் சொன்னால் என்னையும் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை. அவர் பொய்யும் என் பொய்யும் தானாகவே பொருந்திப்போயின. 'தொழிலாளியின் அவசரமே காரணம்' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அவசரக்காரர் என்று பெயரான பிறகு அவருக்கு எதுவும் செய்ய வேண்டிய கடமை கம்பெனிக்கு இல்லாமல் போயிற்று.

மூன்று மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். எளாவூரில் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு. அவர் மனைவி வாசலிலேயே லாரிக்காரர்களுக்கு இட்லி போட்டு விற்றுக்கொண்டிருந்தார். நல்ல வெயில். சோதனைச் சாவடி வரைக்கும் லாரிகள் வரிசையாக நின்றன. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் தேறியிருந்தார். நடக்கிறார், தானே சாப்பிடுகிறார், பேச்சு மட்டும் போய்விட்டது என்றார் மனைவி. தண்ணீர்ச் சொம்பைக் காட்டினால் அதன் பெயர் வராது. மகளின் பெயர் வராது.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் சொல்றாரு. நாள் பூரா அத்தையே சொல்லிக்கினு கீறாரு. இன்னா பாஷைன்னே தெர்ல. நீங்க படிச்சவரு, கேட்டுச் சொல்லுங்க."

நான் அவர் பக்கம் குனிந்தேன்.

"லி... ரை... கு..." என்றார். நிறுத்தினார். "ச்சு" என்று நாக்கைத் தட்டினார். "வா... தி."

அது அவர் குரல் இல்லை. என் குரல். என் இழுப்பு, என் நிறுத்தம். தொட்டிக்குள் எதிரொலித்ததே, அதே தாளம். நெடுஞ்சாலையின் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் என் வாயிலிருந்து போன ஒன்று இன்னொருவர் வாயில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துப் பேசியது.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "தெலுங்கும்மா இது" என்றார் தட்டோடு நின்ற ஒருவர். "எங்க பாஷை எனக்குத் தெரியாதா நைனா? இது உருது" என்றார் நெல்லூர் டிரைவர். பழவேற்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்திருந்த ஒரு பாய், "உருதா? எங்க ஊட்லயே யாருக்கும் உருது வராது, நீ வேற பேஜார் பண்ணாத. இது ஏதோ மந்திரம்" என்றார். ஐந்தெழுத்து மந்திரம் என்றார் வேறொருவர். தொட்டியில் இருந்த ஏதோ ஒன்று உள்ளே புகுந்துகொண்டு பேசுகிறது என்று மனைவியே பயந்து, இரண்டு கோயிலுக்கும் ஒரு தர்காவுக்கும் கூட்டிப்போயிருக்கிறார்.

"இன்னா சார் அது?" என்று என்னைக் கேட்டார்.

"மருந்தோட வேகம்மா. அர்த்தம் ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு, கணவரின் வாயைத் துடைத்துவிட்டார். "அவசரம் சார். எதுக்கெடுத்தாலும் அவசரம். சீட்டு வர்ற வரிக்கும் நின்னிருக்கலாம் இல்ல?"

நான் இட்லி சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அன்றோடு அந்தப் பக்கத்தைத் திறப்பதை விட்டேன். ஆனால் அது என்னை விடவில்லை. வேனில் போகும்போது கடைப் பலகைகளின் எழுத்துகள் தாமாகக் கலைந்து வேறு வரிசையில் நிற்கும். ஆலைக்குள் எங்கே குனிந்தாலும் அந்த ஐந்தும் கேட்கும். மருத்துவர் ஒருவரிடம் யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன். நினைவு தப்பும்போது கடைசியாகப் போவது செவிதான், அந்த நேரம் காதில் விழுந்தது சிலருக்கு அப்படியே தங்கிவிடுவதுண்டு என்றார். அப்படியென்றால் நான் அங்கே நின்று முணுமுணுத்தது முழுவதும் ஃபிட்டருக்குக் கேட்டிருக்கிறது. உதவிக்கு வந்த ஒரே ஆள் அதைத்தான் சொல்லிக்கொண்டு நின்றான்.

ஓய்வுபெற்ற பிறகு, 2009இல், மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். மனைவி உள்ளே மாவு எடுக்கப் போயிருந்தார். அவர் அதே நாற்காலியில் அதே ஐந்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, "குதிரைவாலி. அது குதிரைவாலி" என்றேன்.

அவர் நிறுத்தினார். என் வாயைப் பார்த்தார். உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது.

அவருக்கு விடுதலை கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், சொல் கிடைக்கும்போது வருமே அந்தச் சந்தோஷம், அது அப்போதும் ஒரு நொடி வந்துபோனது. மனைவி வெளியே வருவதற்குள், சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது அவர் மனைவி என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

"அன்னிக்கு இன்னா சார் சொன்னீங்க அவராண்ட? நீங்க வந்து போனதுலேர்ந்து வாயே தொறக்கல. அந்த அஞ்சு எழுத்தாவது சொல்லிக்கினு இருந்தாரு. ஊட்ல ஒரு ஆம்பள குரல் கேட்டுக்கினு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

அதற்குப் பிறகு மறைக்க என்னிடம் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணை அளக்காமல் எழுதியதை, காவலை ஏற்றுக்கொண்டு விட்டுப்போனதை, கண் திறந்திருந்த மனிதரைப் பார்த்துத் தலையசைத்ததை, விசாரணையில் சொன்ன பொய்யை. எதற்காக என்பதைக் கடைசியாகத்தான் சொன்னேன். ஒரு விளையாட்டு என்றேன். "விளையாட்டா?" என்று ஒருமுறை கேட்டார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணவரைத்தான் பார்த்தார்.

"அவசரக்காரன், அவசரக்காரன்னு ரெண்டு வருசமா சோத்தைப் போடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் போட்டேனே சார். இல்லடின்னு திருப்பிச் சொல்லக்கூட அவருக்கு வாய் இல்லியே."

என் பக்கம் திரும்பி, "எனக்குச் சொன்னீங்களே, அதோ கீறாரே, அவருக்குச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. லாரிக்காரங்க அம்மாம் பேரும் கேக்கட்டும். இங்க நாஷ்டா துன்ற எல்லாரும் அவரைத்தான் தப்பு சொன்னாங்க" என்றார்.

சொன்னேன். தட்டுகளோடு நின்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஃபிட்டர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதையே எழுதிக் கையெழுத்திட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அதை வைத்து அவர் தொடுத்த வழக்கு திருவள்ளூரில் நடந்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறி என் மேலேயே சாட்சி சொன்னேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் அன்றோடு என்னிடம் பேசுவதை விட்டார்கள். வழக்கு அவர் பக்கம் முடிந்தது. அது எனக்குப் பெருமை இல்லை. இரண்டு வருடம் முன்பே முடிந்திருக்க வேண்டியது.

சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நீதிமன்ற வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதன் நடுவில் ஃபிட்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவி வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, பெஞ்சில் ஓர் ஓரமாக நகர்ந்து, எனக்கு இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். அவர் மனைவி வரும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

என்னை அடையாளம் தெரிந்து அவர் நகர்ந்தாரா, யார் வந்து நின்றாலும் அப்படித்தான் நகர்ந்திருப்பாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கு விடை தேட எனக்கு உரிமையில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.